களை கட்டிய மேற்கு மூலை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவன் என் மனைவியின் தம்பி. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில், என் வண்டிமேல் சாய்ந்துகொண்டு நின்றான். அவன் பூட்ஸில் மண் இல்லை. மூன்று வாரமாக அவன் வேலைக்குப் போகவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் அந்தச் சுத்தமான பூட்ஸைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அத்தான், ஒரு உதவி."

"சொல்லு மாப்ள."

"நான் கவனிக்காமதான் பண்ணிட்டேன், வேணும்னு பண்ணலன்னு ஒரு கதை எழுதிக் குடுங்க."

"கதையா? மன்னிச்சுக்கோன்னு நாலு வரி எழுதினா போதாதா?"

"லெட்டர்னா அக்கா கிழிச்சிடுவா. உங்க கதைன்னா தப்பு கண்டுபிடிக்கிறதுக்காவது கடைசி வரைக்கும் படிப்பா."

அது உண்மைதான். என் மனைவிதான் என் முதல் வாசகி. பல சமயம் கடைசி வாசகியும் அவள்தான். நான் எழுத ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இதுவரை ஒருவரும் என்னிடம் வந்து கதை கொடு என்று கேட்டதில்லை. இவன் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் கேட்பது போலத்தான் கேட்டான். இருந்தாலும் கேட்டானே! உடனே ஒப்புக்கொண்டேன்.

2

[தொடக்கம் ஒன்று: எங்கள் அடுத்த வீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். எனக்கு அவர்களோடு அதிகப் பழக்கமில்லை என்றாலும்—]

சுத்தப் பொய். அந்த அக்கா இப்போது பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். என்னை அடுத்த வீட்டுக்காரனாக மாற்றிக்கொண்டால் நடுநிலையாக நிற்கலாமே என்று பார்த்தேன். மனைவிக்கும் மைத்துனனுக்கும் இடையில் மாட்டியவனுக்கு நடுநிலை ஏது? இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

[தொடக்கம் இரண்டு: சூரியன் மெல்ல மேற்கே—]

என் கதைகளில் சூரியன் ஏற்கெனவே பல தடவை மறைந்துவிட்டது. போதும்.

[தொடக்கம் மூன்று: நகரத்தின் பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாலு ஏக்கர் நிலம் இருக்கிறது.]

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை, அழகும் இல்லை. இனி என் மனைவியை அக்கா என்றும் மைத்துனனைத் தம்பி என்றும் எழுதப்போகிறேன். கட்டின மனைவியை அக்கா என்று எழுதுவதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. நீங்கள் கண்டுகொள்ளாமல் இருந்தால் நல்லது.

3

நகரத்தின் பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாலு ஏக்கர் நிலம் இருக்கிறது. யாரும் விதைக்காத பூக்கள் அதில் தாமாக முளைத்துக்கொண்டிருந்தன. அக்கா நகராட்சியின் பூங்காப் பிரிவில் செடிகளைக் கவனிக்கும் அலுவலர். ஆறு வருஷத்துக்கு முன் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, அந்த நிலத்தில் கட்டடம் வராமல் தடுத்து, கம்பிவேலி போட்டு, 'பூவெளி' என்று ஒரு பலகையும் வைத்தாள்.

பூக்களைக் காப்பாற்றுவது என்றால் தண்ணீர் ஊற்றுவது என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். பிடுங்குவதுதான் வேலையாம். சாலை போடக் கொண்டுவந்த மண்ணோடு ஒரு செடி அங்கே வந்து சேர்ந்திருந்தது. அதற்குப் புத்தகத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. வேலை செய்பவர்கள் வைத்த பெயர் விரிச்சான். ஒரு வருஷம் ஒன்று என்றால் மறு வருஷம் ஐம்பது. பாயை விரித்தாற்போலப் பரவி, அடியில் இருப்பவற்றுக்கு வெயிலே கிடைக்காமல் செய்துவிடும்.

(வந்தேறிச் செடி என்று முதலில் எழுதியிருந்தேன். அக்கா முன்பொரு தடவை அந்தச் சொல்லுக்காக என்னோடு சண்டை போட்டிருக்கிறாள். "வந்ததுல தப்பில்ல. நீங்களும்தான் எங்கிருந்தோ இந்த ஊருக்கு வந்தீங்க. மத்ததை வாழ விடாததுதான் தப்பு" என்றாள். ஆகவே அடித்துவிட்டேன்.)

விரிச்சானை ஒழிக்க அக்காவிடம் சில சட்டங்கள் உண்டு. மழை பெய்து மண் இளகிய மறுநாள் வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்டதா, தலையைக் கத்தரித்துப் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். கீழே ஒரு விதை விழக் கூடாது. நன்றாக இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கிக் கெட்டுப்போன பக்கத்துக்குப் போக வேண்டும், தலைகீழாகப் போகக் கூடாது. வெளியே வரும்போது வாசலில் உள்ள பிரஷ்ஷால் பூட்ஸின் அடியைத் தேய்த்துவிட்டுத்தான் வர வேண்டும். ஒன்றிரண்டாக இருந்தால் கையால் எடுப்பார்கள். வேறு எதுவுமே இல்லாமல் விரிச்சான் மட்டும் அடர்ந்து நிற்கும் இடத்தில் மட்டும் மெஷினால் வெட்டலாம். அப்படிப்பட்ட இடத்துக்கு அங்கே வேலை செய்யும் ஆறு பேரும் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: 'களை கட்டின இடம்'. அந்த வேடிக்கையைத் தொடங்கிவைத்தது தம்பி.

அக்காவின் முதல் சட்டத்தைக் கடைசியில் சொல்கிறேன்: இலையைத் திருப்பிப் பார். ஏனென்றால் அங்கே காலைக்காரி என்று இன்னொரு செடி உண்டு. விரல்நகம் அளவுக்கு நீலப் பூ. காலையில் விரியும், உச்சி வெயிலுக்குள் சுருண்டு, காய்ந்த மொட்டைப் போல ஆகிவிடும். அப்புறம் பார்த்தால் அதற்கும் விரிச்சானுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒரே உயரம், ஒரே இலை. இலையின் அடிப்பக்கத்தைத் தடவினால் மட்டும் தெரியும். விரிச்சானுக்குச் சுணை உண்டு. காலைக்காரி வழவழவென்று இருக்கும்.

அக்கா நிலத்தை மீட்ட வருஷம், மேற்கு மூலையில் பதினொரு காலைக்காரிகள் இருந்தன. இந்த வருஷம் நானூறுக்கு மேல்.

4

இந்த இடத்தில் எனக்குத் தம்பி மேல் சந்தேகம் வருகிறது. (பாத்திரமாகத்தான் சொல்கிறேன்.)

வயது முப்பத்தாறு. முன்பு கடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் வேன் ஓட்டினான். அக்காதான் பூவெளியில் சேர்த்துவிட்டாள். வந்த ஆறே மாதத்தில், முளைவிட்டு இரண்டே இலை இருக்கும்போதே இது இன்ன செடி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். அப்படிப்பட்டவன் நானூறு காலைக்காரிகளை வெட்டிச் சாய்த்தான் என்றால் வாசகர் எப்படி நம்புவார்? ஒன்று அவன் மடையனாக இருக்க வேண்டும், அல்லது கெட்டவனாக இருக்க வேண்டும்.

[தம்பிக்குச் செடிகொடி என்றால் எல்லாமே பச்சை, அவ்வளவுதான்—]

இல்லை, அது நான்.

கெட்டவன் என்று எழுதவும் ஒரு காரணம் கைவசம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் கிழக்குச் சரிவில், மஞ்சள் பூ பூத்த ஏதோ ஒன்றைக் காட்டி, களை என்று எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னாள் அக்கா. எல்லோர் முன்னிலையிலும் தம்பி சொன்னான்: "அக்கா, இது அது இல்ல. நீ தப்பா சொல்ற."

"ரெண்டு சீசன் வெட்டிட்டா நீ எனக்குப் பாடம் எடுப்பியா?"

செடிகளைப் பிடுங்கினார்கள், எரித்தார்கள். யார் சொன்னது சரி என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தம்பி கையுறையைக் கழற்றி வேலிக்கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். பதினொரு மாதம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. என் மகளின் பிறந்தநாளுக்குப் பரிசை எங்கள் வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு, நாங்கள் கதவைத் திறப்பதற்குள் படியிறங்கி ஓடினான். அக்கா அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை. ஆனால் அன்று முழுவதும் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

கடைசியில் அவள்தான் இறங்கிவந்தாள். ஒரு ஜோடிப் புதுக் கையுறையை என் கையில் கொடுத்து, "அவன்கிட்ட குடுத்துடுங்க. சைஸ் பெருசா இருந்தா மாத்திக்கலாம்" என்றாள். இவ்வளவுதான் சமாதானப் பேச்சுவார்த்தை. தம்பி மறுநாளே வந்து நின்றான். அன்றிலிருந்து அவள் எது சொன்னாலும் "சரிக்கா" என்பான். வேறு பேச்சே கிடையாது. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

5

சம்பவம் நடந்த நாள் காலை எட்டு மணிக்கு அக்கா மேற்கு மூலையில் தனியாக நின்றாள். அன்றைக்குத்தான் நானூறும் ஒரே நேரத்தில் விரிந்திருந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டதாம். இதை அவள் எப்போதோ வாய்தவறிச் சொன்னது. அலுவலக வேலையாக அன்றே வெளியூர் போக வேண்டும், வர இரண்டு நாள் ஆகும். இந்தப் பூவுக்காகத் தன்னோடு முதுகு ஒடிய உழைத்தவன் இதைப் பார்க்க வேண்டாமா என்று நினைத்தாள். வண்டியில் ஏறுமுன் தம்பிக்கு ஒரு செய்தி அனுப்பினாள்.

*மேற்கு மூலை களை கட்டிடுச்சு. நாளைக்குள்ள பார்த்துடு.*

நீங்கள் இதை எப்படிப் படித்தீர்கள்? எழுதியவள் நினைத்தது ஒரு கல்யாண மண்டபம் களை கட்டுகிறதே, அந்தக் களை. முகத்தில் களை இருக்கிறது என்கிறோமே, அதே களை. படித்தவன் நினைத்தது கையால் பிடுங்கும் களை. 'பார்த்துடு' மட்டும் ஒழுங்கா? கண்ணால் பார்ப்பதும் பார்ப்பதுதான், காரியத்தைக் கவனித்து முடிப்பதும் பார்ப்பதுதான். ஒரு பூப் படத்தைச் சேர்த்து அனுப்பியிருந்தால் போதும். அவளுக்குச் செய்தியில் படம் வைப்பவர்களைக் கண்டாலே பிடிக்காது.

அழகுக்கும் அழிக்க வேண்டியதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் எப்படிச் சண்டையில்லாமல் குப்பை கொட்டினோம் என்று இதை எழுதும்போது யோசித்தேன். நிறையச் சண்டை போட்டுத்தான் இருப்போம், காரணம் தெரிந்திருக்காது.

6

தம்பி அன்று நகரத்தின் மறுகோடியில், சாலையோர மரங்களுக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தான். செய்தியை மதியம்தான் பார்த்தான். பூவெளிக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு. காலைக்காரிகள் எல்லாம் சுருண்டிருந்தன. மேற்கு மூலை முழுவதும் ஒரே உயரத்தில், ஒரே பச்சையாக நின்றது.

காலைக்காரிகளை அழித்துவிட்டு விரிச்சான் இவ்வளவும் வளர்கிற வரைக்கும் நாம் எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. சாமான் அறையிலிருந்து மெஷினை எடுத்துத் தோளில் மாட்டினான். கண்ணாடி போட்டுக்கொண்டான். அக்கா களை கட்டியிருக்கிறது என்றால் கட்டியிருக்கிறது. அவன் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நாற்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. வாசலில் பூட்ஸைத் தேய்த்துவிட்டு, *முடிச்சிட்டேன்க்கா* என்று பதில் அனுப்பினான்.

(அந்தப் பதிலைப் பார்த்து அக்கா வெளியூரில் சிரித்தாளாம். பூவைப் பார்க்கச் சொன்னால் வேலை முடித்த மாதிரி எழுதுகிறானே என்று.)

7

அவள் வியாழக்கிழமை திரும்பி வந்தாள். நேராகப் பூவெளிக்குப் போனாள். வீட்டுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை.

"வேணும்னுதான் பண்ணியிருக்கான். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் பேசினேன்ல, அதுக்கு."

"நீ அனுப்பினதை நீயே ஒரு தடவை படிச்சுப் பாரு" என்றேன்.

படித்தாள். முகம் மாறியது. போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "சரி, தப்பா எழுதிட்டேன். ஆனா இலையைத் திருப்பினா தெரிஞ்சிருக்குமே. மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி திருப்பிப் பாக்காம அவன் ஒரு நாள் இருந்ததில்ல. திருப்பியிருப்பான். தெரிஞ்சேதான் வெட்டியிருக்கான். இனிமே அவன் வரவேண்டாம்னு சொல்லிடுங்க."

விதை கட்டுவதற்கு முன்பே வெட்டு விழுந்துவிட்டதால் இந்த வருஷம் அந்த மூலையில் விதை கிடையாது. ஆறு வருஷ உழைப்பு. அதைவிடப் பெரிய இழப்பு எது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் ஆளில்லை. ஆக, இந்தக் கதையின் வேலை ஒன்றே ஒன்று. அவன் இலையைத் திருப்பவில்லை என்று அவள் நம்ப வேண்டும். அசட்டையை அவள் மன்னிப்பாள், வன்மத்தை மன்னிக்கமாட்டாள். ஆறாம் பகுதியை நாலு தடவை திருத்தினேன். எனக்கே நம்பிக்கை வரும்படி அமைந்துவிட்டது.

8

[இந்தப் பகுதி முழுவதும் அடித்தது.

எழுதியதைத் தம்பியிடம் காட்டப் போனேன். அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டு படித்தான். ஆறாம் பகுதியில் விரல் நின்றது.

"என்ன மாப்ள, தப்பா?"

"ஒண்ணுமில்ல அத்தான். நல்லா எழுதியிருக்கீங்க."

எழுந்து போய், கழுவிவைத்த டம்ளர்களையே மறுபடியும் கழுவினான். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான்:

"திருப்பிப் பார்த்தேன் அத்தான்."

எனக்குப் புரியவில்லை.

"இலையை. ஒண்ணு ரெண்டு இல்ல, ஏழெட்டு. எல்லாமே வழவழன்னுதான் இருந்துச்சு."

"பின்ன ஏன்டா வெட்டின?"

"அக்கா களைன்னு சொல்லிட்டாளே. இல்லக்கா, இது நம்ம காலைக்காரி, நீ தப்பா சொல்றன்னு போன் பண்ணிச் சொல்லணும். போனைக் கையில எடுத்தேன். அதே வார்த்தை. 'நீ தப்பா சொல்ற.' அந்தப் பதினோரு மாசம் ஞாபகம் வந்துச்சு." குழாயை மூடினான். "இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது அத்தான். பூ போனா என்னிக்காவது முளைக்கும். சரி, அவ சொன்னபடியே இருக்கட்டும்னு வெட்டிட்டேன். வெட்டும்போது கண்ணாடிக்குள்ள ஒண்ணும் தெரியல."

அவன் தோளில் கை வைத்தேன்.

"இதை எழுதிடாதீங்க" என்றான். "பாக்கலன்னே இருக்கட்டும். தெரிஞ்சே வெட்டினேன்னு ஆயிட்டா, அவ சொன்னதுதானே சரின்னு ஆயிடும்."

எழுதமாட்டேன் என்று சொன்னேன்.]

9

எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது எழுதாததற்குச் சமம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பக்கத்தின் குறுக்கே ஒரே ஒரு கோடுதான் போட்டேன், அடியில் இருப்பதையெல்லாம் தாராளமாகப் படிக்கலாம். நீங்களும் படித்துவிட்டீர்கள்.

எனக்கு இது கஷ்டமாக இருக்கிறது. அவள் போட்ட பழி பாதி உண்மை: அவன் தெரிந்துதான் வெட்டினான். ஆனால் வன்மம் இல்லை. அவளை மறுபடி இழந்துவிடக் கூடாது என்று வெட்டியிருக்கிறான். 'சரிக்கா' என்று அவன் சொன்னபோதெல்லாம் நிம்மதிப்பட்டேனே, அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. ஒருவனுடைய பயத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன், நாலாம் பகுதியில் இருக்கிறது, பாருங்கள்.

முடிவுகள் சிலவற்றை எழுதிப்பார்த்தேன்.

எட்டாம் பகுதி இல்லாத கதையை அக்கா படிக்கிறாள். "கவனிக்காம விட்டிருக்கான், கழுதை" என்று திட்டிவிட்டு, சனிக்கிழமை வேலைக்கு வரச் சொல்கிறாள். எல்லோருக்கும் நல்லது. அதன்பின் வாழ்நாள் முழுக்க அவள் எந்தச் செடியைக் காட்டினாலும் அவன் "சரிக்கா" என்பான்.

அல்லது, எட்டாம் பகுதி உள்ள கதையைப் படிக்கிறாள். தம்பி தன்னைக் கண்டு இவ்வளவு பயந்தான் என்று தெரிந்து அவள் உடைந்து—

[அல்லது உடையாமல், "நான் என்ன புலியா?" என்று கேட்டு இன்னொரு பதினொரு மாதம்—]

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. என் மனைவி என்ன சொல்வாள் என்று பதினெட்டு வருஷமாகக் கதைகளில் எழுதிவருகிறேன். ஒரு தடவையும் சரியாக வந்ததில்லை.

10

எட்டாம் பகுதியை விட்டுவிட்டு நல்ல பிரதி எடுத்து முடித்து, அதோடு இந்த அறைக்கு வந்து உட்கார்ந்தேன். அடித்ததும் திருத்தியதுமான தாள்கள் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தன. மறந்து வைத்தேன் என்று சொல்லலாம். ஆனால் எங்கே வைத்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தாள் புரளும் சத்தம். ஏழு தடவை எண்ணினேன். எட்டாவது தாளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

இப்போது அவள் கதவருகே வந்து நிற்கிறாள். கையில் அந்த ஒரு தாள் மட்டும் இருக்கிறது. வழக்கமாகத் தப்பு குறிக்கும் சிவப்புப் பேனா இல்லை.

"இது அவன் சொன்னதா, நீங்களா கட்டினதா?"

கதை எழுதுகிறவனுக்கு இதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது. நானாகக் கட்டியது என்று சொன்னால் போதும். யாரும் சந்தேகப்படமாட்டார்கள், அதுதானே என் தொழில். அவனுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். அவன் சொன்னது என்றால், வாக்கு போய்விடும். ஆனால் அவனுடைய பயம் முதல்முறையாக அவள் கைக்குப் போய்ச் சேரும். அவள் அதை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது.

நான் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. எழுதிக்கொண்டே இருப்பதுபோல் பாவனை செய்து இந்த வரிகளை எழுதுகிறேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரிந்த அளவுக்கே தெரியும். நான் என்ன சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள், அவள் ரொம்ப நேரம் நிற்கமாட்டாள்.